சீட்டில் முதல் வரி

"பார்டர்ல இருக்குன்னு சொல்லிட்டாங்க டாக்டர்."

வாரத்துக்குப் பத்து முறையாவது இந்தப் பேச்சு என் காதில் விழுகிறது. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் முப்பது ஆண்டுகளாகப் பொதுமருத்துவம் பார்க்கிறேன். ஆரம்பத்தில் காய்ச்சல், சீதபேதி, மஞ்சள்காமாலை, குழந்தைகளின் இளைப்பு இவைதான் என் மாலை நேரத்தை நிறைத்தன. இன்று பெஞ்சில் காத்திருப்பவர்களில் பலர் லேப் ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். கம்பெனியில் எடுத்த மெடிக்கல் செக்கப், கண் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனை, தெருமுனை முகாமில் விரலில் குத்திப் பார்த்தது என்று எங்கேயோ ஓர் எண் கிடைத்திருக்கும். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வருகிறவர்கள் இரண்டு வகை. அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் எடுத்ததைப் பார்த்து வளர்ந்தவர் குரல் நடுங்கப் பேசுவார். வீட்டில் யாருக்கும் அந்த அனுபவம் இல்லாதவர், "பார்டர்தானே டாக்டர், இன்னும் வரலைல்ல?" என்று நிம்மதியாகச் சிரிப்பார். முதலாமவரிடம், "பயப்படாதீங்க, இந்த இடத்துலேர்ந்து திரும்பி வர வழி இருக்கு" என்பேன். இரண்டாமவரிடம், "கொஞ்சம் பயப்படுங்க, திரும்பி வர்ற வழி ரொம்ப நாள் திறந்திருக்காது" என்பேன். இரண்டும் ஒரே உண்மைதான். யாரிடம் எந்தப் பாதியை முதலில் சொல்ல வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்குச் சில வருடங்கள் ஆயின.

பார்டர் என்று ஊர் சொல்வதை மருத்துவத்தில் முன்நீரிழிவு என்கிறோம். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் முன்நீரிழிவு; 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140 முதல் 199 வரை இருந்தாலும் அதுதான்; மூன்று மாதச் சராசரி என்று எல்லோரும் சொல்லும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தாலும் அதுதான். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி, முன்நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 13.6 கோடி என்று கணக்குச் சொன்னது. வாசலில் நிற்கிறவர்கள் வீட்டுக்குள் இருப்பவர்களைவிட அதிகம். அந்த வாசலில் நிற்கிறவர்களோடுதான் என் தொழிலின் பெரும்பகுதி இப்போது கழிகிறது.

இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரியும். எப்படிச் செய்ய வேண்டும் என்பதை ஒரு தோல்விதான் கற்றுக்கொடுத்தது.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர் அவர். வயது நாற்பத்தி மூன்று. காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருப்பார். கை கால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் சட்டைப் பொத்தானை இழுத்துக்கொண்டிருக்கும். வெறும் வயிற்றில் 116. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட மெட்ஃபார்மின் 500 என்ற சர்க்கரை மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். அவர் எழுந்து கதவைத் திறக்கும்போது, "அப்படியே கொஞ்சம் வாக்கிங்கும் போங்க" என்றேன். "சரிங்க டாக்டர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் கழித்து வந்தபோது வெறும் வயிற்றில் 168. எடை நாலு கிலோ கூடியிருந்தது. "நடந்தீங்களா?" என்று கேட்டேன். முகத்தில் உண்மையான குழப்பத்தோடு அவர் சொன்னார்: "மாத்திரை ஒரு நாள்கூட விடலையே டாக்டர்."

அவர்மேல் தப்பே இல்லை. சீட்டில் இருந்ததை அவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். நடை சீட்டில் இல்லை. கதவருகில் சொன்ன ஒரு உபசார வார்த்தையாக அது அவர் காதில் விழுந்திருக்கிறது. அதைவிட எனக்கு வலித்தது வேறு. மாத்திரை கையில் இருந்த தைரியத்தில், முன்பு கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்ததையும் நிறுத்திவிட்டு டூவீலர் வாங்கியிருந்தார்.

அன்று கிளினிக்கைப் பூட்டும் நேரத்தில் எங்கள் கம்பவுண்டர் அண்ணனிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். எனக்கு முன்னால் இரண்டு டாக்டர்களிடம் வேலை பார்த்தவர். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே சொன்னார்: "சீட்டுல இருக்கறதத்தான் அவங்க மருந்துன்னு நெனப்பாங்க டாக்டர். வாயால சொன்னது வாசப்படியோட போயிரும். நடக்கறதும் மருந்துன்னா அதையும் எழுதிக் குடுங்க."

மறுநாள் முதல் எழுதினேன். முன்நீரிழிவோடு வருகிறவரின் சீட்டில் முதல் வரி நடை. மாத்திரை தேவைப்பட்டால் அது இரண்டாம் வரி. இந்த வரிசையை இன்றுவரை மாற்றவில்லை.

எழுத ஆரம்பித்ததும் ஒன்று விளங்கியது. மருந்து என்று எழுதினால் அளவு எழுத வேண்டும், வேளை எழுத வேண்டும், எத்தனை நாள் என்று எழுத வேண்டும். "வாக்கிங் போங்க" என்பது "மாத்திரை போடுங்க" என்று எழுதுவதைப் போன்றது. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது?

அளவுக்கு உலகத்தில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2002இல் வெளியானது. வாரத்துக்கு 150 நிமிட உடல் உழைப்பு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பு என்ற இலக்கோடு பழக்கங்களை மாற்றிக்கொண்டவர்களிடம், போலி மாத்திரை பெற்றவர்களைவிட நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களிடம் 31 சதவீதம் குறைந்தது. அந்த 150 நிமிடத்தை எங்கள் ஊர்க் கணக்குக்கு மாற்றுவதற்குத் தெப்பக்குளம் உதவியது. திருமலை நாயக்கர் வெட்டிய குளம்; நான்கு கரையையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,200 மீட்டர். சுறுசுறுப்பாக நடந்தால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, வாரத்துக்கு ஆறு நாள்: 150 நிமிடம் கணக்காக வந்துவிடும். "தினம் ரெண்டு சுத்து, ஞாயித்துக்கிழமை லீவு" என்று சொன்னால் எங்கள் பகுதியில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

வேகத்துக்கும் ஓர் அளவு சொல்வேன். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் அது நடை அல்ல, உலாத்தல். பேசவே மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் குறைக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, இதுவரை இல்லாத மூச்சிரைப்பு வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டு உடனே மருத்துவரிடம் வர வேண்டும் என்பதையும் சீட்டின் அடியில் எழுதுகிறேன்.

வேளையைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் ஒரு கணக்கு வாத்தியார். அவருக்கு ஹெச்பிஏ1சி 6.1. "சாப்பிட்டதும் நடந்தா நல்லதுன்னு சொல்றீங்க சார், எவ்வளவு நல்லது?" என்று கேட்டார். நீங்களே பாருங்கள் என்று கிளினிக்கில் சும்மா கிடந்த குளுக்கோமீட்டரைக் கொடுத்தேன். வீட்டில் அதே நாலு இட்லி, அதே சாம்பார், அதே தேங்காய்ச் சட்னி. முதல் நாள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார். ஒரு மணி நேரத்தில் 182. மறுநாள் சாப்பிட்ட பத்தாவது நிமிடம் எழுந்து தெருவில் கால் மணி நேரம் நடந்தார். அதே ஒரு மணி நேரத்தில் 149. விரல் குத்திப் பார்க்கும் மீட்டர் சற்று முன்பின் காட்டும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பத்து நாள் மாற்றி மாற்றிச் செய்து, உட்கார்ந்த ஐந்து நாளையும் நடந்த ஐந்து நாளையும் வரைபடத் தாளில் இரண்டு நிறத்தில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். நடந்த நாள்களின் கோடு எல்லா இடத்திலும் கீழேதான் இருந்தது.

காரணம் எளிமையானது. சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸை உடலில் அதிகமாக வாங்கிக்கொள்வது தசைதான். உட்கார்ந்திருக்கும் தசைக்குள் குளுக்கோஸ் போக இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். முன்நீரிழிவில் அந்தத் திறவுகோல் சரியாகத் திரும்புவதில்லை. ஆனால் சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமல் தானே இன்னொரு கதவைத் திறந்துகொள்கிறது. தொடை, கெண்டைக்கால் தசைகள் உடலின் பெரிய தசைகளில் சேர்ந்தவை. நடக்கும்போது வேலை செய்வதும் அவைதான். இட்லி ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும் அதே நேரத்தில் அந்தக் கதவு திறந்திருந்தால் மேடு தாழ்கிறது. நியூசிலாந்தில் நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. ஏதோ ஒரு நேரத்தில் மொத்தமாக அரை மணி நேரம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடப்பது உணவுக்குப் பின்னான சர்க்கரையை நன்றாகக் குறைக்கிறது என்று அது காட்டியது. அதிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடந்த நடைக்குத்தான் பலன் அதிகம். நம் வீடுகளில் இரவுச் சாப்பாடு தாமதம், அளவும் அதிகம், அதன்பின் நேராகப் படுக்கை. ஆகவே ஒரே ஒரு வேளைதான் முடியும் என்கிறவருக்கு நான் இரவைத்தான் எழுதுகிறேன்.

இனி மாத்திரை.

"நடையும் போறேன், மாத்திரையும் குடுங்க டாக்டர், ரெண்டும் சேந்தா டபுளா வேலை செய்யும்ல?" என்று கேட்காதவர் குறைவு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நம் ஊர்ச் சான்று வேறு சொன்னது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. முன்நீரிழிவு உள்ளவர்களை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும்; ஒரு பிரிவுக்கு நடையும் உணவு மாற்றமும்; ஒரு பிரிவுக்குச் சிறு அளவில் மெட்ஃபார்மின்; ஒரு பிரிவுக்கு இரண்டும். மூன்றாண்டில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடைப் பிரிவில் 39 பேர், மாத்திரைப் பிரிவில் சுமார் 40 பேர், இரண்டும் சேர்ந்த பிரிவிலும் சுமார் 40 பேர். சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை.

அந்தக் கட்டுரையைப் படித்த இரவு அந்த ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை நினைவுக்கு வந்தார். ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்தால் கால் தளர்ந்துபோகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆய்வில் நடந்ததற்கும் அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நடையும் மாத்திரையும் வெறும் கூட்டல் கணக்கு அல்ல என்பது எனக்கு அன்றிலிருந்து உறுதியாயிற்று.

அதே சென்னையில் பின்னால் நடந்த இன்னோர் ஆய்வு வரிசையைக் காட்டிக் கொடுத்தது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில், எடை கூடிய முன்நீரிழிவுக்காரர்கள் 578 பேரிடம் நடந்தது, 2016இல் வெளியானது. ஒரு பாதியினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும்; மறுபாதியினருக்கு முதலில் நடையும் உணவு மாற்றமும். இந்த மறுபாதியில் சில மாதங்கள் பார்த்தும் அபாயம் குறையாதவர்களுக்கு மட்டும் அதன்மேல் மெட்ஃபார்மின். அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் மூன்றாண்டில் நீரிழிவு வருவது 32 சதவீதம் குறைந்தது. இவர்களில் நான்கில் ஏறக்குறைய மூன்று பேருக்குக் கடைசியில் மாத்திரையும் தேவைப்பட்டது என்பதை மறைக்கக் கூடாது. "நடந்தாலே போதும், மாத்திரை எதுக்கு?" என்று வீறாப்பாகப் பேசுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூடியிருந்தவர்களுக்கு இந்த வழியில் கிடைத்த பலன் குறைவாக இருந்ததும் அந்த ஆய்வில்தான் தெரிந்தது.

இரண்டும் உடலில் வேறு வேறு இடத்தில் வேலை செய்கின்றன. இரவு முழுக்க நாம் தூங்கும்போது கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். முன்நீரிழிவில் அது தேவைக்கு மேல் விடுகிறது. காலையில் எதுவுமே சாப்பிடாமல் எடுத்த பரிசோதனையில் 118 வருவது அதனால்தான். மெட்ஃபார்மின் முக்கியமாக அந்தக் கல்லீரலைக் கட்டுப்படுத்துகிறது. நடை தசையைத் திறக்கிறது. வரவைக் குறைக்க ஒன்று, செலவைக் கூட்ட ஒன்று. யாருக்கு எந்தப் பக்கம் பழுது அதிகம் என்று பார்த்துத்தான் இரண்டாம் வரியை எழுத வேண்டும்.

மூன்று மாதம் சீட்டில் உள்ளபடி நடந்தும் எண் இறங்காதவர்களுக்கு நான் மாத்திரை எழுதுகிறேன். தொடக்கத்திலேயே எழுதுவதும் உண்டு: நீரிழிவின் எல்லையை ஒட்டி நிற்கிறவர்கள், உடல் பருமன் மிகுந்த இளவயதினர், கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்துபோன பெண்கள், மூட்டோ இதயமோ நடக்க விடாதவர்கள். இவர்களைக் காக்க வைப்பது சரியல்ல.

ஒரு தையல்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது முப்பத்தெட்டு. இரண்டாவது குழந்தையைச் சுமந்தபோது சர்க்கரை இருந்து, பிரசவத்தோடு போனது. பத்து வருடம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் வயிற்றில் 118, ஹெச்பிஏ1சி 6.2. சீட்டை வாங்கி முதல் வரியைப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எப்ப டாக்டர் நடக்கறது? காலைல நாலரைக்கு எந்திரிச்சா தண்ணி, சமையல், பிள்ளைங்க. ஒம்பது மணிக்கு மெஷின்ல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அங்கதான். ராத்திரில தெருவுல நடந்தா எங்க அத்தை என்ன சொல்லுவாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத சீட்டு வெறும் காகிதம். "வீட்டுல மொட்டை மாடி இருக்காம்மா?" என்று கேட்டேன். இருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது தப்படி. இரவு சாப்பிட்டுப் பாத்திரம் கழுவியதும், காய்ந்த துணியை எடுக்க எப்படியும் மாடிக்குப் போகிறார். துணி எடுக்கும் முன் இருபது நிமிடம் அங்கேயே போய்ப் போய் வரட்டும் என்று முடிவு செய்தோம். தையல் மெஷினில் முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து மூன்று நிமிடம் வீட்டுக்குள் நடப்பது. இரவில் மெட்ஃபார்மின் 500.

நாலாவது நாளே வந்து நின்றார். "வயிறு போகுது டாக்டர், இந்த மாத்திரை எனக்குச் சேராது." மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டிருந்தார். சாப்பாட்டோடு போடச் சொல்லி, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினேன். அந்த வகையில் சிலருக்கு மலத்தில் மாத்திரையின் கூடு அப்படியே வரும். மருந்து உள்ளே இறங்கியிருக்கும், கூடு மட்டும்தான் அது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். சொல்லாவிட்டால் "மாத்திரை கரையவே இல்லை" என்று நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாம் மாதம் அவரோடு மாமியாரும் வந்தார். மருமகளைப் பற்றிக் குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "எனக்கும் பாத்துச் சொல்லுங்க தம்பி, நானும் இவகூடத்தான் மாடியில நடக்குறேன்" என்றார் அந்த அம்மா. ஆறு மாதத்தில் தையல்காரரின் வெறும் வயிற்று எண் 103, ஹெச்பிஏ1சி 5.8. ஒன்றரை வருடம் கழித்து மாத்திரையை நிறுத்திப் பார்த்தோம். எண் ஏறவில்லை. நடையை நிறுத்திப் பார்க்க நான் யாரையும் அனுமதிப்பதில்லை.

மாத்திரை எழுதுகிறவனுக்கும் கடமைகள் உண்டு. என் தவறு ஒன்றை இங்கே சொல்கிறேன். அசைவம் தொடாத ஓர் அம்மா என்னிடம் ஆறு வருடம் மெட்ஃபார்மின் எடுத்தார். பாதம் மரத்துப்போகிறது, எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றார். சர்க்கரையால் நரம்பு பாதித்துவிட்டது என்றே நினைத்து, ஊசி குத்துவது போன்ற வலிக்கு மருந்து கொடுத்தேன். எண்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்ற யோசனை எனக்குத் தாமதமாக வந்தது. பரிசோதித்தால் வைட்டமின் பி12 மிகக் குறைவு. மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் போகும்போது பி12 குறையக்கூடும். பால் தவிர வேறு வழியில் பி12 கிடைக்காத சைவ உணவுக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். ஊசி போட்டதும் மெல்ல மெல்லச் சரியானது. எட்டு மாதம் அந்த அம்மா வீணாக வேதனைப்பட்டார். அன்றிலிருந்து மாத்திரை எடுக்கிறவர்களுக்கு வருடத்துக்கொரு முறை பி12 பார்க்கிறேன்; சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினினும் பார்க்கிறேன். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு மெட்ஃபார்மின் கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த அட்டையில் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்வது அதனால்தான் ஆபத்து.

ரத்தசோகை இருக்கும் பெண்களிடம் ஹெச்பிஏ1சியை மட்டும் நம்பக் கூடாது என்பதும் அனுபவத்தில் வந்ததுதான். இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணைக் கூட்டிக் காட்டும். ஒரு கல்லூரி மாணவியின் 6.0, இரும்பு மாத்திரை கொடுத்து ரத்தம் ஏறியதும் 5.5 ஆயிற்று. அவளுக்கு முன்நீரிழிவே இல்லை.

நடைக்கும் பக்கவிளைவு உண்டு. தேய்ந்த ரப்பர் செருப்போடு கல்தரையில் நடந்து குதிகால் வலி வந்தவர்கள் ஏராளம். வலி வந்ததும் நடையே நின்றுவிடும். அதனால் சீட்டில் செருப்பையும் எழுதுகிறேன்: பின்பக்கம் வார் உள்ளது, அடி தடித்தது. விடியற்காலை நாய்த் தொல்லைக்குப் பயந்தவர்களை மாலைக்கு மாற்றுகிறேன். குளக்கரையில் இரண்டு சுற்று முடித்துவிட்டுச் சர்க்கரை போட்ட டீயும் வடையும் சாப்பிடுகிறவரிடம், அந்த நடையில் செலவானதைவிட வந்தது அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கோபித்துக்கொள்வதில்லை, நண்பர்களோடு அந்த அரை மணி நேரப் பேச்சுதான் அவரைத் தினமும் எழுப்பிவிடுகிறது. டீயில் சர்க்கரையை மட்டும் விட்டால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து, திரும்பத் திரும்பக் கேட்பது. கம்பவுண்டர் அண்ணன் ஒரு நீள நோட்டுப் போட்டார். மாத்திரை வாங்க வருகிறவரிடம் பணம் வாங்கும் முன், "இந்த வாரம் எத்தனை சுத்து?" என்று கேட்டு எழுதுவார். அவருக்குப் பொய் சொல்ல யாருக்கும் மனம் வராது. மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்தாலே யாருடைய எண் இறங்கும், யாருடையது ஏறும் என்று எனக்குத் தெரிந்துவிடும். டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வைப் படித்தபோது அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது. முன்நீரிழிவு உள்ள 537 ஆண்களில் ஒரு பாதியினருக்குச் செல்போனில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பி நடக்கவும் அளவாகச் சாப்பிடவும் நினைவூட்டினார்கள். இரண்டு வருடத்தில் மறுபாதியில் நூற்றுக்கு 27 பேருக்கு நீரிழிவு வந்தது. செய்தி பெற்றவர்களில் 18 பேருக்குத்தான். அண்ணன் இன்று இல்லை. நோட்டு இருக்கிறது, அவருடைய இடத்தில் இருக்கும் பெண் அதே கேள்வியைக் கேட்கிறாள்.

இவ்வளவும் செய்தும் சிலருக்கு நீரிழிவு வந்துவிடுகிறது. தினமும் நடந்த ஒரு கண்டக்டர், ஹெச்பிஏ1சி 6.7 என்ற ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப நான் நடந்ததெல்லாம் வீண்தானே டாக்டர்?" என்று கண்ணீர் விட்டார். வீண் இல்லை. சென்னை ஆய்வின் நடைப் பிரிவிலும் நூற்றுக்கு 39 பேருக்கு வந்ததே. அவருடைய அப்பாவுக்கு முப்பத்தெட்டில் வந்தது; இவருக்கு ஐம்பத்தொன்றில் வந்திருக்கிறது. சீனாவில் தாச்சிங் என்ற ஊரில் 1986இல் தொடங்கி 577 பேரை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். உணவையும் உழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வருவது சராசரியாக நான்கு ஆண்டு தள்ளிப்போனது. இதயநோய்ச் சாவுகளும் குறைந்தன. சர்க்கரை இல்லாத ஒவ்வோர் ஆண்டும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பாதத்துக்கும் கிடைத்த ஓர் ஆண்டு. இதை அவரிடம் சொன்னேன். மறுநாள் காலை அவர் வழக்கம்போலக் குளக்கரையில் இருந்தார்.

படிக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. முப்பது வயது தாண்டியிருந்து, அப்பா அம்மாவில் ஒருவருக்காவது சர்க்கரை இருந்தால், அல்லது இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டியிருந்தால், ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். பார்டர் என்று வந்தால் உங்கள் மருத்துவரிடம், "எத்தனை நிமிஷம் நடக்கணும், எப்ப நடக்கணும், சீட்டுல எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். மாத்திரை தந்தால் தயங்காமல் போடுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை வந்துவிட்டது என்று நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்று இரவு சாப்பிட்டதும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். தெருவில் முடியாவிட்டால் மாடியில், மாடியும் இல்லாவிட்டால் வீட்டுக்குள். முதல் வேளை மருந்து அதுதான்.